மறுபூஜைக்கு முன்னால் எடுத்த பெட்டி

காரில் ஏறினால் என் கை முதலில் போவது சாவிக்கு அல்ல, சீட்டுக்கு அடியில். அங்கே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஜம்ப் ஸ்டார்ட்டர் என்கிறார்கள். பாதிச் செங்கல் அளவு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கவ்விகள். கார் பேட்டரி படுத்துவிட்டால் அவற்றை மாட்டி வண்டியைக் கிளப்பிவிடலாம். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். எனக்கு முக்கியம் அதுதான்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். வெள்ளானூரிலிருந்து பூந்தமல்லிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். ஒருமுறை திரும்பி வரும்போது, மெட்ரோ தூண்களுக்கு நடுவில், சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பின்சீட்டில் அவர் வாந்தியை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். பின்னால் பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. பைக்கில் வந்த ஒருத்தன் ஜன்னலில் குனிந்து, "இன்னாமா, லைசென்ஸு ரேஷன் கடைல குட்த்தாங்களா?" என்று கேட்டான். நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. என்ன திட்டி என்ன, வண்டி கிளம்பவில்லை. அந்த வாரமே பெட்டியை வாங்கினேன்.

வாங்கியதும் நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பெட்டியில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒரு கவலை. வெயிலில் காருக்குள் வெந்துபோகுமோ என்று இன்னொன்று. அடுப்பில் பால் இருக்கும்போது கூட நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்த நான் ஒரே ஒருநாள் பார்க்கவில்லை. அது ஆயுத பூஜை.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து அவருக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அப்புறம்தான். ஆயுத பூஜைதான் பண்டிகை. உடம்பு இப்படி ஆன பிறகும் அதை விடவில்லை. அன்று காலையிலேயே காரை வாசலுக்கு எடுத்து நிறுத்தச் சொன்னார். நாலு கதவையும் விரியத் திறந்து வைத்து, கார் ஸ்டீரியோவில் சாமி பாட்டைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே துடைத்தார். வீங்கிய காலோடு குனிய முடியவில்லை. விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. நான் சுண்டல் தாளிக்க உள்ளே போய்விட்டேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அது எதைத் தின்றுகொண்டு ஓடுகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பூஜை முடிந்தது. காருக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மதியம் டயாலிசிஸ். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அப்படியே பூந்தமல்லிக்குக் கிளம்பிவிடலாம் என்று ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

டிக் டிக் டிக்.

பதறவில்லை. பெட்டி இருக்கிறதே. சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். வெறும் கால்மிதிதான் கையில் பட்டது.

"பெட்டி எங்கங்க?"

"சாமிகிட்ட இருக்கு."

"எந்த சாமிகிட்ட?"

"ஸ்பேனர், சுத்தி எல்லாத்தோடயும் வச்சிருக்கேன். அதுவும் ஆயுதம்தானே."

எடுத்துவர இறங்கினேன். அவர் வாசற்படியில் கையை நீட்டி மறித்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும் முன்னால் தொடக்கூடாதாம்.

"அது ஆயுதம் இல்ல. பேட்டரி."

"வச்சாச்சுல்ல. சர்வீஸ் பூரா அன்னிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதில்ல நான்."

"கார் மட்டும் ஓடலாமா?"

"காருக்கு ஓடுறதுதான் பூஜை. எலுமிச்சம்பழம் வேற எதுக்கு வைக்கிறாங்க?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். எனக்குத் தலைக்கு ஏறியது. டயாலிசிஸ் சென்டருக்குப் போன் செய்தேன். நேரத்துக்கு வராவிட்டால் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம், நாளைக்கு லீவு நாள், இடம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். முன்பு ஒருமுறை தள்ளிப்போனபோது அவர் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தவள் நான். நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். மறுபடி அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் ஆட்டோக்கள் மாலை போட்டு நின்றன. ஓட்ட ஆள் இல்லை. போனில் வாடகைக் கார் கூப்பிட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் ஓடினேன். இந்த ஊரிலேயே பிறந்தவர், அப்பா காலத்து நிலம் மனையான பிறகு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். அவருடைய வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்ப முடியுமா என்று கேட்டேன்.

"நல்லா கேட்டக்கா. ஒயரு, ஜாக்கி, ஸ்பேனரு, எல்லாம் சாமி படத்தாண்ட கீது. எங்க அம்மா வெட்டிடும்."

"தள்ளியாவது விடுங்க."

வந்து பார்த்தார். காருக்கு முன்னால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம். மேலே இரும்புத் தகடு போட்டிருந்தார்கள், அதில் ஊர்ந்துதான் போக முடியும். "தள்னா வண்டியும் நீயும் நேரா உள்ள பூடுவீங்க" என்றார். பிறகு, "நம்ம வண்டில ஏத்திகினு போறேன், வா சார்" என்று வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அவர் உடனே செருப்பைத் தேட ஆரம்பித்தார். பெட்டியை எடுப்பதைவிட லோடு வண்டியில் குலுங்கிக்கொண்டு போகத் தயார். போவது சரி, வருவது? ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் நிற்கக்கூட முடியாது, காலில் சதை பிடித்து இழுக்கும். அந்த ஆள் சாயங்காலம் வரை அங்கே காத்துக் கிடப்பாரா?

நான் உள்ளே போனேன். செருப்பைக் கழற்றினேனா என்று ஞாபகம் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது என் பெட்டி. மேலே ஒரு சாமந்திப் பூ, கொஞ்சம் பொரி. பூவை எடுத்து ஸ்பேனர் மேல் வைத்தேன்.

"எடுக்காத" என்றார் பின்னாலிருந்து. கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சாமி கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும். உங்க காலைப் பாத்தீங்களா நீங்க?"

பானெட்டைத் திறந்து கவ்விகளை மாட்டினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு. வேலை செய்யவில்லை. கழற்றிப் பார்த்தேன். கவ்விகளின் பல்லிடுக்கு முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. பொட்டு வைத்தவர் தாராளமாக வைத்திருக்கிறார்.

"அந்தாண்ட குங்குமம் கூட கீதுக்கா" என்றார் லோடு வண்டிக்காரர். "மங்களகரமா கீது. கரண்ட்டுதான் வராது."

தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொரு பல்லாகச் சுரண்டினேன். முந்தானையால் அழுத்தித் துடைத்து மறுபடி மாட்டினேன். பச்சை. சாவியைத் திருப்பினேன். வண்டி ஒருமுறை இருமி, பிடித்துக்கொண்டது.

அவர் வந்து பின்சீட்டில் ஏறினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. தகட்டைத் தாண்டி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிக்கு ஓட்டினேன். எஞ்சின் அணைந்துவிடுமோ என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

நேரத்துக்குப் போய்விட்டோம். அங்கே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். மேலே கதம்பம் சுற்றியிருந்தார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய கையில் ஊசி ஏற்றும் வரை அவர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவரே நர்ஸிடம் கேட்டார்.

"இதுக்கு மறுபூஜை எப்பம்மா?"

"நாளைக்குக் காலைல, சார்."

"அதுவரைக்கும் ஓடலாமா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. "நிறுத்த முடியாதே சார்" என்றாள். அவர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சிரிப்பு.

திரும்பி வந்ததும் பெட்டியை உள்ளே எடுத்துப் போய்ச் சார்ஜ் போட்டேன். ஏறி முடிந்ததும் சாமி படத்தருகே வைக்கவில்லை. நேராகக் காருக்குப் போய் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை ஸ்பேனருக்கும் சுத்திக்கும் தீபாராதனை காட்டிவிட்டு, தட்டில் கற்பூரம் எரிய வாசலுக்கு வந்தார். காருக்குப் பக்கத்தில் நின்றார். குனிய முடியாது என்பதால் என்னைப் பார்த்தார்.

கதவைத் திறந்து, பெட்டியை வெளியே எடுத்து நீட்டினேன். "சந்தனம் மட்டும் வைக்காதீங்க" என்றேன்.