கழுத்துக் கட்டையில் ஒரு கோடு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இடது கையில் விரல் நாலேமுக்கால். சுண்டுவிரல் நுனியை ஒரு பழைய லிஃப்ட் கதவு கவ்வியது, திருப்பித் தரவில்லை. கம்பெனியில் அன்றிலிருந்து அவருக்கு ‘நாலேமுக்கால்’ என்றே பெயர். பெயரைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் கிட்டாரைப் பற்றித்தான். வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் அதை மடியில் போட்டுக்கொள்கிற மனிதர். இப்போது எந்தக் கிட்டாரைப் பிடித்தாலும் அந்தக் குட்டை விரல் எட்ட வேண்டிய கம்பிக்கு எட்டாமல், பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி நிற்கும்.

ஒரே ஒரு கிட்டாரில் மட்டும் எட்டியது. லிஃப்ட் பழுதுபார்க்கப் போன வீட்டில் சுவரில் மாட்டியிருந்தார்கள். மெலிந்த கழுத்துள்ள பழைய காலத்துக் கிட்டார். கெஞ்சிக் கேட்டு வாங்கி ஒரு பாட்டு வாசித்தார். அழுதுகொண்டே வாசித்ததால் லிஃப்டைச் சரிசெய்ய வந்தவருக்குப் புத்தி சரியில்லை என்று அந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கிட்டாரைச் செய்த கம்பெனியை மூடி ஒரு தலைமுறை ஆகிறது. நல்ல நிலையில் ஒன்று வேண்டுமென்றால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கிட்டார் ஒன்று கடல் தாண்டி ஒரு கடையில் விலைக்கு வந்திருந்தது. முகப்பலகையில் விரிசல், மெருகெல்லாம் உரிந்து சொறி பிடித்த தோற்றம். அதனால்தான் விலை இவர் கைக்கு எட்டியது. அந்த ஊரில் நர்ஸாக இருக்கும் அக்கா மகளைக் கடைக்கு அனுப்பினார். வாங்கினால் திருப்பித் தர முடியாது, இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மெக்கானிக்குக்குக் கண்ணைவிடக் காது பெரிது. லிஃப்ட் கதவில் காதை வைத்தால் எந்தச் சக்கரம் தேய்ந்தது என்பதோடு, எந்த மாடியில் மாமியார் வந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுவார். தட்டிக் கேட்காமல் எதையும் வாங்கியதில்லை. போனில் கேட்கவாவது அமைதியான இடம் வேண்டாமா? ஊரிலேயே அமைதியான இடம் எது என்று அவரைக் கேட்டால், இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திய லிஃப்ட் என்பார். வேலை பார்த்த கட்டடத்தில் அப்படியே செய்தார். லிஃப்டுக்குள் வைஃபை கிடைக்க மேலே ஒரு பெட்டியை மாட்டி வைத்ததும் அவர்தான்.

“மாமா, தட்டறேன். கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலையே!”

“ஓங்கித்தான் தட்டறேன். கடைக்காரர் முறைக்கிறாரு. இந்தப் போன் பேச்சை மட்டும்தான் அனுப்பும் போல, மத்த சத்தத்தையெல்லாம் முழுங்கிடுது.”

“சரி, நீயே கேட்டுச் சொல்லு. டொக்குனு இருக்கா, டங்குனு இருக்கா?”

“கதவைத் தட்டற மாதிரி இருக்கு மாமா.”

தலையில் அடித்துக்கொண்டார். “விடும்மா. முகத்துல விரிசல் இருந்தா பரவாயில்ல, அது தோல். கழுத்து உடம்போட சேர்ற இடத்துல உள்ள ஒரு கட்டை இருக்கும். கம்பி இழுக்கிற இழுப்பெல்லாம் அதுமேலதான். ஓட்டை வழியா டார்ச் அடிச்சுப் பாரு. அது மட்டும் முழுசா இருந்தா வாங்கிடலாம்.”

“பாக்கறேன்... மாமா, ஒரு கோடு தெரியுது.”

“மரத்தோட ரேகையா, விரிசலா? நகத்தால கீறிப் பாரு!”

பதில் வருவதற்குள் விளக்கு அணைந்தது. வைஃபையும் போயிற்று, அதோடு போனும் செத்தது.

கீழே காவலாளி தன் கடமையைச் செய்திருந்தார். லிஃப்ட் நின்றால் முதலில் மெயினை அணை, அப்புறம் எனக்குப் போன் பண்ணு, நான் வரும்வரை எதையும் தொடாதே என்று மெக்கானிக்கே மனப்பாடம் செய்ய வைத்த பாடம்.

“உள்ள இருக்கிறவரே, பயப்படாதீங்க! மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன், லைனே கிடைக்க மாட்டேங்குது!”

“யோவ், அந்த மெக்கானிக் நான்தான்யா! மெயினைப் போடு!”

“உள்ள இருக்கிறவங்க என்ன சொன்னாலும் கேக்காதேன்னு அவர் சொல்லியிருக்காரு சார்.”

“நான்தான்யா சொன்னேன்!”

“சொன்னவருக்கே மறந்துடுச்சு பாத்தீங்களா? அந்தப் பயம் அப்படித்தான் சார். மூச்சை இழுத்து விடுங்க.”

இருட்டில் மூச்சை இழுத்து விட்டார். வேறென்ன செய்ய? கம்பெனியிலிருந்து வேறொரு மெக்கானிக் வந்து, சிரித்து முடித்து, இறக்கிவிட்டபோது மதியம் போய்விட்டது. ஓடிப்போய் அக்கா மகளை அழைத்தார்.

“உங்க லைன் கிடைக்கலைன்னதும் அத்தைகிட்ட கேட்டுட்டேன் மாமா. அந்த இன்னொரு ஆளும் வந்து நின்னுட்டாரு. உள்ள ஒரு கோடு இருக்கு அத்தைன்னேன். கோடு என் மூஞ்சியிலயும்தான் இருக்கு, உங்க மாமா என்ன திருப்பியா அனுப்பிட்டாரு, வாங்குடின்னாங்க. வாங்கிட்டேன்!”

உள்ளே எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தார். கட்டையில் குறுக்காக ஓடியது ரேகை இல்லை. பளு தாங்குகிற இடத்தில் விரிசல் என்றால் ஒட்டுவேலையே கிடையாது. எத்தனையோ கட்டடத்தில் அவரே அப்படிச் சொல்லி லிஃப்டைப் பூட்டியிருக்கிறார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். “என்னங்க, நீங்களா இருந்தா இன்னும் யோசிச்சுக்கிட்டே இருந்திருப்பீங்க. நான் ஒரே வார்த்தையில முடிச்சேன் பாத்தீங்களா?”

அந்த முகத்தைப் பார்த்தார். “நல்ல வேலை பண்ணினே,” என்றார்.

கிட்டார் கப்பலில் வந்து சேர்ந்தது. அந்த ஊரிலேயே கம்பிகளைக் கழற்றியிருந்தார்கள். மடியில் வைத்து வெறும் கழுத்தைப் பிடித்தார். நாலேமுக்கால் விரலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. குட்டை விரல் அந்தக் கடைசி இடத்தையும் தொட்டது.

“கம்பி மாட்டலையா?”

“மரம் இந்த ஊர்க் காத்துக்குக் கொஞ்சம் பழகட்டும்.”

பழகட்டும் என்று அவளும் அதன்மேல் தன் பழைய பட்டுத் துணியைப் போர்த்தி வைத்தாள். தினமும் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், அவர் அதை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார். விரல்கள் ஒரு பாட்டைச் சத்தமில்லாமல் நடந்து முடிக்கும். சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்ப்பாள்.

“என்னங்க, இன்னுமா பழகல?”