கதவின் அகலம்

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. குழந்தைப் பருவத்திலேயே கால்கள் செயலிழந்துவிட்டன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே, கையால் சுற்றும் மெஷினில் பள்ளிச் சீருடை தைப்பாள். அம்மா போனபின் வீட்டில் அவளும் மெஷின் சத்தமும்தான்.

ஒருமுறை தங்கை தன் குடும்பத்தோடு அவளையும் வேனில் மலைக்கு அழைத்துப்போனாள். வழியில் எந்தக் கழிப்பறைக்குள்ளும் நாற்காலி நுழையவில்லை. அன்று முழுக்க அவள் தண்ணீரே குடிக்கவில்லை. இறங்கிய இடமெல்லாம் படிகள்.

"நீ வண்டியிலயே இரு அக்கா, போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுறோம்."

அருவியைச் செல்போனில்தான் பார்த்தாள்.

படகுத்துறையில் தங்கையின் கணவர், ஒரு வார்த்தை கேட்காமல், படகோட்டியோடு சேர்ந்து அவளை அலாக்காகத் தூக்கினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"இறக்கி விடுங்க."

"பயப்படாதீங்கக்கா, கெட்டியாப் பிடிச்சிருக்கோம்."

"இறக்கி விடுங்கன்னு சொல்றேன்ல!"

நாற்காலியிலேயே இறக்கிவிட்டார்கள். திரும்பும் வழியில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நல்லது பண்ணப் போனதுக்கு நமக்கு இது வேணும்," என்றாள் தங்கை, ஜன்னலைப் பார்த்தபடி. அதன்பின் அவர்கள் அவளை எங்கும் கூப்பிடவில்லை.

ஆசை மட்டும் விடவில்லை. மதிய வேளைகளில் விடுதி விடுதியாகப் போன் போட்டாள். "வாசல்ல படி இருக்கா? பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்?"

"ஏம்மா, ரூம் வேணுமா, கதவு வேணுமா?" என்று சிரித்தார் ஏரிக்கரை விடுதிக்காரர். காரணம் சொன்னதும் சிரிப்பு நின்றது. "இருங்க, அளந்து பாத்துச் சொல்றேன்."

நாற்காலி தாராளமாக நுழையும் என்றார்.

தனியாகவே கிளம்பினாள். ரயிலில் ஏற்றும்போது எங்கே பிடிக்க வேண்டும் என்று போர்ட்டர்களிடம் அவளே சொன்னாள்; சொன்னபடி பிடித்தார்கள்.

ஏரியைச் சுற்றிச் சமமான பாதை. நினைத்த இடத்தில் நின்றாள், வேண்டிய மட்டும் பார்த்தாள். ஒரு மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பியது.

"பாத்தியா!" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பினாள். பக்கத்தில் யாருமில்லை.

தங்கைக்குப் போன் செய்தாள்.

"எங்க இருக்க அக்கா? காத்து சத்தமா கேக்குது."

"ஏரிக்கரையில."

"தனியாவா?"

"ம்."

"சரி, பத்திரமா வந்து சேரு," என்று போனை வைத்துவிட்டாள் தங்கை.

டெய்லரக்கா போனை மடியில் போட்டுக்கொண்டு, வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தாள். பிறகு விடுதிக்கு வந்து, அறை இன்னொரு நாளைக்கு வேண்டும் என்றாள்.