வெளியே போட்ட தாழ்ப்பாள்

எழுபத்தாறாம் வருஷம். அபுதாபியில் ஒரு கட்டட சைட். நான் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற தச்சன்.

எங்கள் ஃபோர்மேன் போலந்துக்காரர். நாற்பது தாண்டினவர். அதிகம் பேச மாட்டார். மணல் காற்று அடித்தாலும் ரூம் கதவைச் சாத்த மாட்டார். தூசி தின்கிற சாமியார் என்று அவருக்குப் பேர் வைத்திருந்தோம்.

எங்கள் கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவனை ஸ்டோர் ரூமுக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவோம். ஊரிலிருந்து என்ன கொண்டு வருவாய் என்று கேட்போம். அல்வா, கருவாடு என்று எதையாவது உள்ளேயிருந்து கத்தினால்தான் கதவு திறக்கும்.

ஃபோர்மேனுக்கும் லீவு வந்தது. நாளைக்குப் பயணம். ஆணி எடுக்க ஸ்டோருக்குள் போனார். அவரும் நம்ம ஆள்தானே என்று தாழ்ப்பாளைப் போட்டேன். எங்களுக்கு என்ன கொண்டு வருவீங்க என்று ஒருத்தன் அரைகுறை இங்கிலீஷில் கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

உள்ளே சத்தமே இல்லை. கதவைத் தட்டக்கூட இல்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. திறந்து பார்த்தால் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்சட்டை நனைந்திருந்தது. எங்களைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஸ்டோர்க்காரர் மலையாளி, இங்கிலீஷ் தெரிந்தவர். ஃபோர்மேன் பேசியதை அவர்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

ஃபோர்மேன் ஊரில் முப்பது வீடுதானாம். சண்டைக் காலத்தில் ஜெர்மன் பட்டாளம் வந்து ஊர் ஜனத்தை ஒரு வைக்கோல் கொட்டகையில் அடைத்து, வெளியே பூட்டித் தீ வைத்துவிட்டதாம். இவருக்கு அப்போது ஒன்பது வயது. மாடு மேய்க்கப் போயிருந்ததால் தப்பினார். அம்மாவும் இரண்டு அக்காவும் உள்ளே. பிறகு கேஸ் நடந்தபோது, பிடிபட்ட அத்தனை பேரும் நான் இல்லை, நான் இல்லை என்றார்களாம்.

"அந்தக் கதவை அடைச்சது யாருன்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் சொல்லலை. நீங்க செஞ்சது விளையாட்டு, எனக்குத் தெரியும். யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விசா போய்விடுமோ என்று பயம். கூட நின்றவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

லீவு முடிந்தும் வரவில்லை. வேறு ஃபோர்மேன் வந்தார்.

அவர் இப்போது இருக்கிறாரா, தெரியாது. இருந்தாலும் தமிழ் படிக்கப் போவதில்லை. ஒரு ஆள் வாய் திறந்தால் போதும் என்றுதான் அவர் கேட்டார். அன்றைக்கு நானும் அந்தப் பட்டாளத்துக்காரர்கள் மாதிரியே நின்றுவிட்டேன். அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்.