மணிக்கட்டில் தெரிந்த பொய்

ஒருவர் எதையாவது மறைக்கிறாரா என்பதை அவருடைய மணிக்கட்டைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம் என்று எனக்குக் காட்டியவர் ஒரு சீனத் துணிக்காரர். அதை முதலில் அவர்மீதே சோதிக்க வேண்டிவரும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

முப்பதுகளில் கண்டித் தெருக்களில் சீனத் துணிக்காரர்கள் புதுமையல்ல. சைக்கிளின் பின்னால் பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். நான் சொல்லும் மனிதர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, கட்டுக்கலையில் எங்கள் வீட்டின் பின்னறையில் மூன்று நான்கு மாதம் தங்குவார். குண்டசாலை, பன்வில, தெல்தோட்டை என்று தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பொறுக்கிய தமிழைத் துணிச்சலாகப் பேசுவார். என்னைக் 'கூட்டாளி' என்பார், நானும் அப்படியே அழைப்பேன்.

துணி விற்பதில் அவருக்கு ஒரு வழி இருந்தது. லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்காருவார். ஒவ்வொரு துணியை எடுக்கும்போதும் அதற்கு ஒரு கதை சொல்வார். இந்தச் சிவப்பை எந்த ஊர்க் கலியாணப் பெண் கட்டினாள், இந்த நீலத்தை யார் சண்டை போட்டு வாங்கினார்கள் என்று போகும். பெண்கள் கதைக்காகவே வந்து உட்கார்ந்து, கடைசியில் துணியோடு எழுந்து போவார்கள். அந்தக் கதைகளில் பாதியாவது அளப்பு என்று நான் அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

நான் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலப்பவன். மலேரியா வந்து ஊர் ஊராகப் படுத்த வருடத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கொயினா கலந்தேன். வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் பிழைத்தார்கள். என் ஐந்து வயது மகளுக்கும் அதே கையால்தான் கலந்து கொடுத்தேன். அவள் பிழைக்கவில்லை.

அவளுக்குத் துணிக்காரர் கொண்டுவந்த மஞ்சள் துணி ஒன்றின்மேல் உயிர். மஞ்சள் பட்டில் சின்னச் சின்னச் சிவப்பு மீன்கள். அதில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் வாவிக்கரைக்குப் போய் மீன்களுக்குப் பொரி போடுவாள். மீன் சட்டைக்காரி வந்திருக்கிறாள் என்று மீன்களிடம் தானே அறிவிப்பாள். அந்தச் சட்டையோடுதான் அவளைப் பெட்டியில் வைத்தோம். கல்லறையில் எல்லோரும் என் மனைவி அழுவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. வந்தவர்களையெல்லாம் அடித்து விரட்ட வேண்டும்போல் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருடம் துணிக்காரர் வந்ததும், "மீன் சட்டைப் பாப்பா எங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். மூட்டையைச் சைக்கிளிலிருந்து அவிழ்க்காமலேயே வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் காலையில் எங்கள் பின்வளவு ஈரப்பலா மரத்தடியில் ஏதோ செய்வார் என்பது தெரியும். கையைத் தூக்குவார், இறக்குவார், ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றுவார். ஒரு திருப்பத்துக்கு ஒரு கோப்பை கோப்பி குடித்து முடித்துவிடலாம். அவருடைய பாஷையில் அதற்கு ஒரு பெயர் உண்டு, என் வாயில் நுழையவில்லை. அக்கம்பக்கத்தார் 'மெள்ளக் குஸ்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தூக்கம் கெட்டு நான் வளவில் நின்ற ஒரு காலையில் என்னை வரச் சொன்னார். தன் மணிக்கட்டை என் மணிக்கட்டோடு ஒட்ட வைத்தார்.

"தள்ளினா எடம் குடு. போனா கூடப் போ. பிடிக்காத. விடாத," என்றார்.

அவ்வளவுதான் பாடம். நான் தள்ளினால் அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. என் பாரத்தாலேயே நான் முன்னால் சரிவேன். கோபத்தோடு தள்ளினால் இன்னும் சீக்கிரம் சரிவேன். மறுநாளும் போனேன். சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை ஊரில் நடந்த கார்னிவலில் சீனச் சட்டை போட்ட ஒருவன் கூச்சல் போட்டுக்கொண்டு கையால் ஓடுகளை உடைத்தான். கூட்டம் அலைமோதியது. மருந்துக்கடையில் வேலை பார்த்த நண்பன் என்னிடம், "அதுதான்டா அசல் சீனக் குஸ்தி. ஒங்க ஆளு சும்மா காத்தத் தடவுறாரு," என்றான். ரோஷத்தோடு வந்து துணிக்காரரிடம் கேட்டேன்.

"ஓட்டுக்குப் பயம் இல்ல," என்றார் அவர். "ஆளுக்குத்தான் பயம் இருக்கு. பயம் எங்க இருக்குன்னு கை கேக்கணும். ஒடைக்கிறது அப்புறம்."

"அப்ப உங்களோடது அசலா?"

அதற்கு அவர் தம் வாத்தியாரின் கதையைச் சொன்னார். அவர் ஊரில் மாவு அரைக்கும் ஒருவர், முற்காலத்தில் மலையில் வாழ்ந்த துறவி ஒருவரின் மறுபிறப்புத் தாமே என்றும், அந்தப் பிறவியில் கற்றதையே இப்போது சொல்லித்தருவதாகவும் கூறிக்கொண்டார். ஊரே திரண்டது. பிறகு, அடுத்த ஊர்க் குதிரைவண்டிக்காரர் ஒருவரிடம்தான் அவர் கற்றார் என்பது வெளியே வந்தது. கூட்டம் கலைந்துபோனது. நம் துணிக்காரர் மட்டும் போகவில்லை.

"கதை பொய். கை பொய் இல்ல," என்றார். "நான் கைக்காக வந்தவன், கூட்டாளி."

செத்தவர்கள் உண்மையில் திரும்பி வருவார்களா என்று அன்று கேட்டேன். கத்தோலிக்கன் கேட்கக்கூடாத கேள்வி. எங்கள் கைகள் ஒட்டியபடியே இருந்தன.

"எங்கம்மா, செத்தவங்க வருவாங்கன்னு சொல்லும். வாத்தியார், வர்றது போறது எல்லாம் ஒண்ணு, பேர் மட்டும் நாம வைக்கிறோம்னு சொல்வாரு. எனக்குத் தெரியாது. நீங்க இப்ப தள்ளுறீங்க. ஏன் தள்ளுறீங்க?"

நான் தள்ளிக்கொண்டிருப்பது அவர் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கும் மேல் இப்படிப் போனது. பிறகு கோயில் திருவிழா ஒன்றில், பன்விலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றை என் மனைவி பார்த்தாள். பிள்ளை மஞ்சளில் சிவப்பு மீன் போட்ட சட்டை அணிந்திருந்தது. அது அதிசயமில்லை, துணிக்காரர் எல்லாத் தோட்டத்திலும் விற்றவர்தான். என் மனைவி குனிந்து, சட்டை நல்லாயிருக்கு என்றாள். பிள்ளை சொன்னது: "இதப் போட்டுத்தான் என்னயப் பெட்டியில வச்சாங்க. நான் மீனுக்குப் பொரி போடணும்."

பிள்ளையின் தாய் பயந்துபோய், பேச்சு வந்த நாள் முதல் இது இப்படித்தான் சொல்கிறது என்றாள். என் மனைவி அங்கேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். நானும் நம்ப ஆசைப்பட்டேன். ஞாயிறுதோறும் வத்தேகமைக்கு ரயில், அங்கிருந்து பஸ், பிறகு தேயிலைக்குள் நடை. என் மனைவி அந்தப் பிள்ளையை எங்கள் மகளின் பெயரால் அழைத்தாள். பிள்ளை அவளைக் 'கண்டி அம்மா' என்றது. பங்குச் சாமியார் அவளைக் கூப்பிட்டு, மறுபிறப்பை நம்புவது விசுவாசத்துக்கு விரோதம் என்றார். அவள் பூசையில் நன்மை வாங்குவதை நிறுத்திவிட்டு, பன்விலப் பயணத்தைத் தொடர்ந்தாள். வீட்டில் அவள் பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்திருந்தன. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

பிறகு, பிள்ளையை நம் வீட்டுக்கே கொண்டுவந்து வளர்ப்போம் என்றாள். அந்தத் தாய்க்கு வேறு நான்கு பிள்ளைகள். தகப்பன் சம்மதித்துவிட்டான், டவுனில் படிக்கும் என்ற ஆசை. தாய் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டிவருவதாக முடிவானது. என் மகளின் கட்டிலை என் மனைவி வெயிலில் போட்டுத் துடைத்தாள்.

அந்த வாரம்தான் துணிக்காரர் வந்து சேர்ந்தார். என் மனைவி வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். அவர் தலையாட்டினார், நல்லது என்றார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

மறுநாள் காலை ஈரப்பலா மரத்தடியில் மணிக்கட்டை ஒட்டினோம். இத்தனை வருடத்தில் அவர் கையில் ஒருநாளும் நான் எதிர்ப்பை உணர்ந்ததில்லை. அன்று தோளிலிருந்து விரல்வரை கட்டையாக இறுகியிருந்தது. நான் தள்ளவே இல்லை, அவராகவே பின்னால் சரிந்தார்.

"கூட்டாளி, என்னத்த மறைக்கிறீங்க?" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. ஒட்டியபடியே சொல்லத் தொடங்கினார். என் மகள் செத்த வருடம், அந்த மீன் துணியில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை விரிக்கும்போதெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லாமலிருக்க அவரால் முடியவில்லை. வாவி, பொரி, மீன் சட்டை, பெட்டி, எல்லாம் சொன்னார். பன்வில லயத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அழுதுகொண்டே கேட்டு, அந்தத் துண்டை வாங்கினாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பொத்தி வைத்திருந்து, அது நடக்கத் தொடங்கியதும் சட்டை தைத்தாள். போட்டுவிடும்போதெல்லாம் அந்தக் கதையையே சொன்னாள். அடுத்தடுத்த வருடங்களில் போனபோது அவர் காதாலேயே கேட்டிருக்கிறார், சந்தோஷப்பட்டும் இருக்கிறார். பிள்ளைக்குத் தன் கதை எது, கேட்ட கதை எது என்று எப்படித் தெரியும்? தாயும், செத்த பிள்ளையே தன் வயிற்றில் வந்து பிறந்ததென்று நம்பிவிட்டாள் போலும்.

"அளப்புன்னு சொல்வீங்க," என்றார். "இந்த ஒரு கதைதான் அளக்கல. நெசத்தச் சொன்னேன். அது இப்பிடி ஆயிருச்சு. நான் போய் அம்மாகிட்ட சொல்றேன்."

எனக்கு அவர்மீது கோபம் வரவேண்டும். வரவில்லை. என் மகளை நினைத்துத் தோட்டம் தோட்டமாகப் பேசித் திரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் யாரிடமும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. "வேணாம், நான் சொல்றேன்," என்றேன்.

சமையலறைக்குள் போனேன். சொல்லாவிட்டால், ஒரு பொய்யை வைத்துக்கொண்டு ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி வருவோம். சொன்னால், என் மனைவி இரண்டாம் தடவை பிள்ளையைப் பறிகொடுப்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஜன்னலிலிருந்து எங்களைப் பார்த்திருக்கிறாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, நாங்கள் வைப்பதுபோலவே தன் மணிக்கட்டை என் மணிக்கட்டில் வைத்தாள்.

"என்னங்க, அது நம்ம பிள்ளைதானே?" என்றாள்.

"நம்ம பிள்ளைதான்," என்றேன்.

அவள் கை அப்படியே இருந்தது. என் கை இறுகியதை நானும் உணர்ந்தேன்.

"ஒங்க கை இல்லைங்குது," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளவில் துணிக்காரர் உள்ளே வராமல் நின்றிருந்தார். அவள் ஒரு கோப்பை கோப்பியை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினாள். "என் பிள்ளயப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்றாள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

ஞாயிறு போகவேண்டாம் என்று நினைத்தேன். அவள்தான் கிளம்பினாள். லயத்து வாசலில் தாய் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைவாரி, சின்ன மூட்டை ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். மூட்டையின் முடிச்சை விடாமல் பிடித்திருந்தாள். பிள்ளை, "கண்டி அம்மா" என்று ஓடிவந்தது. என் மனைவி அதைத் தூக்கி, முதல் தடவையாக அதன் சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாள். பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தது. அதைக் கொண்டுபோய்த் தாயின் மடியில் உட்காரவைத்தாள்.

"இது ஒங்க பிள்ள. ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள். "லீவுக்கு வாங்க, மீனுக்குப் பொரி போடலாம்."

அந்தத் தாய் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தாள். மூட்டையை விட்டுவிட்டுப் பிள்ளையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

தேயிலைக்குள் இறங்கி ரோட்டுக்கு வந்தோம். பஸ் வருவது வளைவில் தெரிந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பிள்ள செத்துப்போச்சுங்க," என்றாள். அந்த வார்த்தையை அவள் அதுவரை வாயால் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, நடு ரோட்டில் சத்தம்போட்டு அழுதாள். நானும் அழுதேன். பஸ் எங்களுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.