வெட்டப்படாத தாள்கள்

யோப்ஸ்டுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. லைப்சிக்கில் எங்கள் அச்சுக்கூடத்தில் இருபது வருடமாக எழுத்துக் கோத்தவன். கோக்கும்போதும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் மை தடவிய எனக்கு அதைக் கேட்டுக் கேட்டே தலைவலி வரும். அந்தக் கோடையில் இரண்டு காலும் ஆடின. காரணம் அவன் தங்கை அஃப்ரா.

தாய் தகப்பன் போனபின் அவனே வளர்த்து, ஊருக்கு வெளியே கன்னியர் மடத்தில் சேர்த்த பெண். துறவற வார்த்தைப்பாடு மனிதர் போட்ட விலங்கு, கடவுள் கேட்டதில்லை என்று விட்டன்பர்க் பக்கத்துப் போதகர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் டியூக் அந்தப் புத்தகத்தைத் தடை செய்துவிட்டார். தடை போட்டால் பேச்சு நிற்குமா? மடத்திலிருந்து மூன்று பேர் ஓடிப்போயிருந்தார்கள்.

கம்பியழிக்குப் பின்னாலிருந்து அஃப்ரா அவனிடம் கேட்டாளாம்: "அண்ணே, அவர் சொல்றது தப்புன்னா, ஏன் தப்புன்னு யாராவது சொல்லுங்களேன். செப்டம்பர் கடைசியில வர்ற மிக்கேல் சம்மனசு திருநாள் வரைக்கும் பொறுத்திருக்கேன்."

ஓடிப்போனவள் எங்கள் ஊரில் கால் வைக்க முடியாது. அண்ணன் முகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் பங்கிராஸ் சாமி என்ற குருவானவர், அந்தப் போதகருக்கு எழுதிய மறுப்பு நூலோடு அச்சுக்கூடத்துக்கு வந்தார். யோப்ஸ்டுக்குப் போன உயிர் வந்தது. முதல் பதினாறு பக்கம் எதிராளி சொன்னது, அவருடைய ஜெர்மனிலேயே, ஒரு வரி விடாமல். பிறகு எண்பது பக்கம் பதில், லத்தீனில்.

"சாமி, பதிலையும் நம்ம பாஷையில போடலாமே," என்றான் யோப்ஸ்ட்.

"ஏம்ப்பா, திருச்சபைக் கோட்பாடு என்ன மீன் சந்தையில பேசுற சமாச்சாரமா? குருமார் படிச்சு ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வாங்க."

"அப்ப அவர் சொன்னது மட்டும் ஏன் ஜெர்மன்ல?"

"மாத்திட்டேன்னு நாளைக்கு அவர் கத்தக் கூடாதுல்ல? பெரிய எழுத்துல போடு. நான் எதையும் மறைக்கலைன்னு தெரியட்டும்."

நேர்மையான மனுஷர். அந்த நேர்மையில் இடி விழ.

யோப்ஸ்ட் புது எழுத்தெடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி அந்தப் பதினாறு பக்கத்தைக் கோத்தான். "பதிலை அவளுக்கு மடத்துச் சாமியார் விளக்குவார்" என்று நூறு தடவை சொல்லியிருப்பான். மை காய்வதற்குள் மடித்துத் தைத்துக்கொண்டு கிளம்பினான்.

"மடிப்பை வெட்டிட்டுக் கொண்டு போடா, வெட்டாட்டி பக்கம் திறக்காது," என்றேன்.

"அங்க கத்தி இருக்கும். எனக்கு நேரமில்ல."

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்து, திருநாளுக்கு மறுநாள் மறுபடி போனவனிடம் வாசல் கன்னியாஸ்திரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

"உன் தங்கச்சி நேத்தே ஓடிப்போயிட்டா. பதிலை விளக்கச் சொன்னதுக்குச் சாமியார், அறுவடை முடியட்டும், சொல்றேன்னார். அந்த விட்டன்பர்க் ஆள் எழுதுன ஒரு வரிகூட இதுக்கு முன்னால இந்த மடத்துக்குள்ள வந்ததில்ல தம்பி. நீதான் கொண்டாந்து குடுத்த."

அச்சுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவன் கால் ஆடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. முதல் பதினாறு பக்கம் மெழுகு சொட்டி, விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தது. மிச்சத் தாள்களின் மடிப்பை யாரும் வெட்டவே இல்லை.

என் கத்தியை வாங்கி ஒவ்வொரு மடிப்பாக வெட்டினான். எண்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"மெல்ஹியோர், இதுல என்னடா பதில் எழுதியிருக்கு?"

எழுத்து எழுத்தாக அதைக் கோத்தவன் அவன். மை தடவியவன் நான். எங்கள் இரண்டு பேருக்கும் லத்தீன் தெரியாது.