புத்தகத்தில் அவன் வருவான்

இங்கே லீட்ஸில் சினிமா டிக்கெட் கொடுக்கும் பெண் முதலில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறாள். "என்ன வயது?" வயது போதாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். மதுரையில் பிள்ளையின் வயதை பஸ் கண்டக்டர்தான் கேட்பார், அதுவும் அரை டிக்கெட்டுக்காக. நம் ஊரிலும் 'ஏ' முத்திரை உண்டுதான்; அது வேறு விவகாரம். பேயும் பூதமும் எந்தப் பிள்ளைக்கு ஆகும், எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்று ஆற அமர யோசிப்பார்கள் என்பது இங்கே படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்ததும் அந்தத் தீர்ப்புச் சொல்லும் ஆளாக நானே ஆகிவிடப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு ஜோன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் மகன் பீட்டருக்கு ஏழு வயது. சிறுவர் நாவல் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். ஒரு சிறுமியின் தம்பியை நிழல்களின் ராஜா பிடித்துப் போய்விட, அவள் பாழுங்கிணற்றுக்குள் இறங்கி அவனைத் தேடுகிற கதை. நாவலை நான் ஒரே மூச்சில் படித்திருந்தேன். படம் வந்த அன்றே ஓடினேன். புத்தகத்தில் அவள் தம்பியை மேலே கொண்டுவந்து சேர்த்துவிடுவாள். படத்தில் கடைசிப் படியில் அவன் உட்கார்ந்துகொண்டு, நீ போ என்று கையசைக்கிறான். அவள் தனியாக வெளியே வருகிறாள்.

"பயமாக இருக்குமா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜோன் கேட்டாள். "பிரமாதமாக இருக்கும். நானே இரண்டு தடவை அலறிவிட்டேன்!" என்றேன். எங்கள் ஊரில் ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. "நல்லவேளை சொன்னாய்" என்று ஜோன் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனாள். பீட்டரைக் கூட்டிப் போகவில்லை. அவன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்ன மனதில் ஒன்று பதிந்துவிட்டால் லேசில் போகாது என்று பிறகொரு நாள் ஜோன் டீ ஊற்றியபடி விளக்கினாள். எதையும் சட்டென்று பிடித்துக்கொள்கிற சுபாவம் எனக்கு. பிடித்ததை அடுத்தவர் தலையில் கட்டுகிற சுபாவமும் உண்டு.

மறு வருஷம் விடுமுறைக்குக் காளவாசல் வீட்டுக்குப் போனபோது அதே படம் மதுரைக்கு வந்திருந்தது. அண்ணன் மகள் செல்விக்கு ஒன்பது வயது. புத்தகத்துக் கதையை முன்பே அவளுக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அதற்கப்புறம்தான் அவள் தம்பி முத்து மஞ்சள்காமாலையில் போனான். செய்தி வந்தபோது எனக்குப் பரீட்சை. போகவில்லை. போயிருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

"அத்தை, அந்தக் கெணத்துப் படம் வந்துருக்கு. போவமா?" என்று செல்வி கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். படம் இங்கிலீஷ். அவளுக்குக் கதை சொல்லப்போவது நான். திரையில் என்ன வந்தாலும் புத்தகத்து முடிவைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

நம் ஊரில் இங்கிலீஷ் படம் பார்க்கிற விதம் உங்களுக்குத் தெரியும். படித்தவர் ஒருவர் இருந்தால் போதும், கதை வரிசை முழுக்கப் போய்விடும். செல்வியின் காதில் நான் கிசுகிசுக்க, பின்னாலிருந்து ஒருவர், "அக்கா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். பிறகு பக்கத்து ஆளிடம், "மாப்ள, அது பேயில்லையாம், நெழலாம்" என்று விளக்கினார்.

"நெழலுக்கு எதுக்குடா அம்புட்டுப் பல்லு?" என்றது மாப்பிள்ளையின் குரல். செல்வி குலுங்கிச் சிரித்தாள்.

கடைசிப் படி வந்தது. பையன் உட்கார்ந்தான். சொல்லத் தயாராக வைத்திருந்த பொய் என் வாயில் வரவில்லை. முந்தானையால் செல்வியின் கண்ணை மூடினேன், அவள் விலக்கினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தேன். "பிள்ளைகள் பாக்குற படமா இது?" என்று யாரையும் பார்க்காமல் சத்தம் போட்டேன். "ஏக்கா, கதைய அந்தரத்துல விட்டுட்டுப் போறீக!" என்று பின்வரிசை கூவ, கொட்டகை சிரித்தது.

செல்வி என் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள். "அவன் வந்தானா அத்தை?"

"வந்துட்டான்."

"பொய்" என்றாள்.

உள்ளே மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எதுக்குப் பாதில கூட்டியாந்த?" என்றாள். "சின்னப் பிள்ளை மதினி. சாவெல்லாம் பாத்தா மனசுல பதிஞ்சிரும்" என்றேன், ஜோனின் குரலிலேயே.

மதினி மடிப்பதை நிறுத்தவில்லை. "தம்பியக் கடைசியாக் குளிப்பாட்டையில சொம்புல தண்ணி மோந்து குடுத்தது இவதான். எனக்குக் கையி ஓடல. சட்டை மாட்டிவிட்டதும் இவதான்." மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள். "பாக்காதது நீதான் சுமதி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. ஜோனைக் குறை சொல்லவில்லை. விளக்கை அணைத்தால் அழுகிற பிள்ளை பீட்டர்; அவனை அவளுக்குத் தெரியும். நான்தான் அவன் அளவுக்குத் தைத்ததைக் கொண்டுபோய்ச் செல்விக்கு மாட்டினேன். அதுவும் அவளுக்காகவா? அந்தப் படியில் உட்கார்ந்த பையனின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடியது யார்?

மறுநாள் மேட்னி ஷோவுக்கு மதினியே செல்வியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "நீயும் வாரியா?" என்று கேட்டாள். போனேன். ஆனால் விளக்கு அணைந்ததும் எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டேன். முடிவு நெருங்குவது இசையில் தெரிந்தது. கதவுத் திரையை விலக்கினேன். இருட்டுக்குள் செல்வி, வரிசைக்கே கேட்கும்படி, அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவன் வரமாட்டாம்மா. ஆனா அவ எறங்கிப் போயிப் பாத்துட்டு வந்துட்டால்ல."

"யாருய்யா அது? திரைய மூடு, வெளிச்சம் அடிக்குது!" என்று உள்ளிருந்து ஒருவர் கத்தினார். என் முதுகில் மதுரை வெயில். முகத்தில் கொட்டகையின் இருட்டு. டிக்கெட் கிழிப்பவர் பின்னால் வந்து நின்றார். "உள்ள போறீகளா, வெளிய வாறீகளா? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கம்மா."

நான் திரையைப் பிடித்தபடியே நின்றேன்.