பென்குயின் ஊருக்குப் போன புற்றுமண்

பென்குயின்களை ஆராயத் தென்துருவம் போகும் மகளின் கோட்டுக்குள், சித்தூர் அம்மன் கோயில் புற்றுமண்ணைத் துணியில் முடிந்து தைத்துவிட்டேன். தூரப் பயணத்துக்கு எங்கள் வீட்டு வழக்கம் அது. கப்பலேறும் நாளில் வீடியோவில் அழைத்தாள்.

“அம்மா, பையெல்லாம் சோதிக்கறாங்க. ஒரு பொட்டு மண்ணோ விதையோ இருந்தாலும் கப்பல்ல ஏத்த மாட்டாங்களாம். நீங்க ஏதும் வெக்கலீங்களே?”

போனை வாயருகே கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினேன்.

“கோட்டுல தெச்சிருக்கேன் கண்ணு. குப்பையில போட்டறாத, சாமி குத்தம்! வாயில போட்டுத் தண்ணி குடிச்சிரு.”

“மண்ணையா?”

“வயித்தத் தொறந்தா பாக்கப் போறாங்க?”

தையலைப் பிரித்து, விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். கோட்டு சோதனையில் தேறியது. அம்மன் என் மகள் வயிற்றில் உட்கார்ந்து பனிமலை பார்க்கப் போனாள்.